நாலு மில்லிமீட்டர்

குளியலறை வேலை செய்கிறவர்கள் மத்தியில் எனக்கு ரசமட்டம் என்று பேர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி இருக்கும். அது இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் தளம் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கருவியின் பேரைத் தூக்கி எனக்கு வைத்துவிட்டார்கள். பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். போகிற இடத்திலெல்லாம் மேசை கோணல், அலமாரி கோணல் என்று குறை சொல்லிக்கொண்டே இருக்கிற ஆசாமி என்பதால் வைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. போகட்டும். இருபத்தாறு வருஷத்தில் எந்த வீட்டுக்காரரும் "தண்ணி தேங்குது, வந்து பாருங்க" என்று என்னைத் திரும்பக் கூப்பிட்டதில்லை.

கூப்பிட்டது என் மனைவி ஒருத்திதான். அவள் கூப்பிட்டபோது நான் போகவில்லை.

எங்கள் குளியலறையில் வீட்டின் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன தொட்டி ஒன்று இருந்தது. விளிம்பு முழங்கால் உயரம். அதற்குள் நின்றுதான் குளிக்க வேண்டும், காலைத் தூக்கித் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். "இதை எடுத்துட்டு ஒரு ஷவர் ட்ரே வைங்களேன்" என்று ஒன்பது வருஷம் கேட்டாள். ஷவர் ட்ரே என்பது குளிக்கிறவர் நிற்கிற வெள்ளைத் தட்டு. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், சும்மா நடந்து உள்ளே போகலாம். வருஷத்துக்கு நாற்பது வீட்டில் வைக்கிறேன். என் வீட்டுக்கு மட்டும் அடுத்த மாசம்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த விளிம்பைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தாள். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நாற்பது நிமிஷம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள். நான் வீட்டில் இருப்பதாக ஏதோ ஒரு நினைப்பு, அல்லது வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளுக்குச் சத்தம் கேட்டு, கதவை உடைக்கலாமா என்று கேட்க எனக்குப் பதினொரு தடவை போன் அடித்திருக்கிறார். நான் அப்போது யாருடைய வீட்டிலோ ட்ரே வைத்துக்கொண்டிருந்தேன். கலவை குழைத்துவிட்டால் போன் பைக்குள் போய்விட வேண்டும் என்பது என் சட்டம். குமிழியைப் பார்க்கும்போது வேறு எதையும் பார்க்கக் கூடாது.

இடது இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து கண் திறந்ததும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். "அந்த வீட்டு வேலை முடிஞ்சுதா?" என்றுதான் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, கதவைத் திறந்து வைத்து, கைக்குழந்தைக்கு ஊற்றுவதுபோல ஊற்றிக் குளிப்பாட்டினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் என் மனைவி. இருபத்திரண்டு பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிற ஆள். அவளை ஸ்டூலில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் பார்க்கப் போயிருந்தேன். மகள் டீ போட உள்ளே போனதும் என் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, நம்ம பாத்ரூமை முடிங்க. முடிச்சாதான் வருவேன்."

"முடிச்சிடறேன்."

"முழுசா கேளுங்க. நான் தனியா குளிக்கணும். தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு குளிக்கணும். வெளியே ஒருத்தர் நின்னுக்கிட்டு ஆச்சா, ஆச்சான்னு கேக்கக் கூடாது. அது நடக்கும்னா வீட்டுக்கு வரேன். இல்லேன்னா இங்கயே இருந்துக்கறேன். அங்க வந்தும் நோயாளியா உக்காரணும்னா எதுக்கு வரணும்?"

மகளுக்குப் பாம்புக்காது. டீயோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "தாழ்ப்பாளா? அப்பா, தாழ்ப்பாள் மட்டும் வச்சீங்க, நானே வந்து கழட்டி எறிஞ்சிடுவேன். அன்னைக்கு அந்தக் கதவை உடைக்க இருபது நிமிஷம் ஆச்சு. மறந்துட்டீங்களா?"

மறக்கிற விஷயமா அது? அம்மாவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், மகளுக்கு வேண்டாம். நான் டீயைக் குடித்தேன். பேச்சை மாற்றலாம் என்று, "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா ஊனறேன். ரெண்டு காலும் இப்ப ஒண்ணுதான்" என்றாள். போனில் யார் கேட்டாலும் இதே பதில்தான். பள்ளிக்கூடம் திறக்க ஐந்து வாரம் இருந்தது. அதுவரை வேனை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று வேன் முதலாளி சொல்லியிருந்தார். கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும்.

வேலையை ஒரு திங்கட்கிழமை தொடங்கினோம், நானும் மச்சானும். மச்சான் என் மனைவியின் தம்பி. நாற்பத்து மூன்று வயது, அதில் பதினெட்டு வருஷம் என்னோடு. வாயை மூடினால் கை தானாக நின்றுவிடும் என்பதால் அவனைப் பேச விட்டுவிடுவேன். முதல் சுத்தியல் அடியை நான்தான் அடித்தேன். தொட்டி, அதன் செங்கல் கட்டு, பழைய டைல்ஸ் எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே போய்விட்டது. ஒன்பது வருஷமாக நேரம் கிடைக்காத வேலை, ஒன்றரை மணி நேரம். அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றான் மச்சான்.

"ஒண்ணுமில்ல. பைப்பைப் பாரு."

கழிவுநீர்க் குழாயைப் பள்ளம் பறித்து இறக்கினோம். தரையை மட்டம் செய்து காய விட்டோம். வெள்ளிக்கிழமை காலை ட்ரே வைக்கிற நாள்.

இந்த ஒரு வேலைக்கு எனக்கு ஒரு முறை இருக்கிறது. மற்றவர்கள் அவரவர் முறையில் செய்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் உண்டு, ஆனால் சொல்வதில்லை. ட்ரேயின் அடியில் கலவை நன்றாகப் பிடிக்க வேண்டும். எங்காவது வெற்றிடம் இருந்தால் மிதிக்கும்போது அந்த இடம் அமுங்கும், கிறீச்சென்று கத்தும், ஒரு நாள் விரிசல் விடும். கலவை கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதத்தில் இருக்க வேண்டும். அதை ஒன்பது குவியலாகத் தரையில் வைப்பேன். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் விரிப்பேன், பின்னால் எப்போதாவது ட்ரேயை எடுக்க வேண்டி வந்தால் உடையாமல் வரும். அதன் மேல் ட்ரேயை இறக்கி, வடிகால் வாயைக் குழாயில் பொருத்தி, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குவேன். நாலு விளிம்பிலும் ரசமட்டம். ட்ரேயின் உள்தளம் வடிகாலை நோக்கிச் சரிவாகத்தான் செய்யப்பட்டிருக்கும். விளிம்பு மட்டமாக இருந்தால் தண்ணீர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

பதினோரு மணிக்குக் குமிழி நாலு பக்கமும் நடுவில் நின்றது. இந்தத் தொழிலில் நான் இருப்பதே அந்த ஒரு நொடிக்காகத்தான்.

அதன் பிறகு இருபத்து நாலு மணி நேரம் யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. மற்றவர்கள் வீட்டில் வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு சீட்டு தொங்கவிடுவேன்: "நாளை இதே நேரம் வரை மிதிக்காதீர்கள்." வேலை நடக்கும்போதும் வீட்டுக்காரர்களை உள்ளே விடுவதில்லை. அங்கே கொஞ்சம் தள்ளுங்கள், இங்கே கொஞ்சம் ஏற்றுங்கள் என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். முடித்துவிட்டுக் கூப்பிட்டுக் காட்டினால் போதும்.

"கயிறு கட்டலையா மாமா?" என்றான் மச்சான்.

"யாருக்குக் கட்டறது? வீட்ல இருக்கறது நீயும் நானும். நீ எப்படியும் சீட்டைப் படிக்கப் போறதில்ல."

கதவைச் சாத்திவிட்டு டைல்ஸும் கண்ணாடித் தடுப்பும் எடுத்துவரப் போனோம். திரும்பி வர மாலை ஆகிவிட்டது. முன்னறையில் எல்லாவற்றையும் இறக்கினோம். குளியலறைக் கதவை நான் திறக்கவில்லை. கலவை இறுகும்போது எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

மறுநாள் பதினோரு மணிக்குக் கதவைத் திறந்து விளிம்பில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி இடது பக்கம் ஒதுங்கி நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கருவியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் நாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அன்றைக்கு உச்சிக்கே போய்விட்டது.

"மச்சான், இங்க வா. இதுல ஏறினியா?"

"நான் எதுக்கு மாமா ஏறப்போறேன்?"

"நீ ஏறலைன்னா ட்ரே தானா இறங்குச்சா? டேப் எடுக்க வந்திருப்பே. போன்ல பேசிக்கிட்டே மிதிச்சிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா இல்ல மாமா. நேத்து உங்க கூடவேதானே வண்டியில இருந்தேன். சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன்."

உண்மைதான். ஆனால் கோபம் வந்த பிறகு உண்மையை யார் கேட்கிறார்கள்? பதினெட்டு வருஷத்தில் அவன் செய்த தப்பை எல்லாம் வரிசையாக எடுத்துப் போட்டேன். அவன் வாயே திறக்காமல் நின்றான். அவன் பேசாமல் நிற்பதைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருதி இறங்கியது.

ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து ட்ரேயில் ஊற்றினேன். எல்லாம் வடிகாலுக்கு ஓடியது. வலது பக்கம், நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், உள்ளங்கை அளவு தண்ணீர் மட்டும் போகாமல் நின்றது. மறுபடி ஊற்றினேன். மறுபடி அதே இடம். நாளைக்குச் சோப்பு நீர் நிற்கப் போகிற இடம் அது. ஒரு ஆள் வழுக்க அவ்வளவு போதும்.

விரல் முட்டியால் ட்ரேயைத் தட்டிப் பார்த்தேன். வலது பக்கம் கெட்டியான சத்தம். இடது பக்கம் டொக்கென்றது. அதாவது, வலது பக்கம் ஏதோ ஒரு பாரம் அமுக்கியதில் இடது பக்கம் கலவையை விட்டு மேலே எழும்பியிருக்கிறது. தெரியாமல் மிதித்தவன் விளிம்பில் மிதித்திருப்பான். பொருள் எடுக்க ஏறியவன் இரண்டு காலையும் வைத்திருப்பான், ட்ரே நேராக இறங்கியிருக்கும். இது அப்படி இல்லை. யாரோ குழாயைப் பார்த்தபடி, குளிக்கிறவர் நிற்கிற இடத்தில், நிதானமாக நின்றிருக்கிறார்கள். ஒற்றைக் காலில்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். பெருக்கச் சொல்லியிருந்தேன், மச்சான் வழக்கம்போலப் பெருக்கவில்லை. கதவிலிருந்து ட்ரே வரைக்கும் சிமென்ட் தூசியில் வட்ட வட்டமாக நாலு தடம். ஊன்றுகோலின் ரப்பர் முனை. ட்ரேக்குப் பக்கத்துச் சுவரில், கோலைச் சாய்த்து வைத்த இடத்தில் ஒரு கறுப்புக் கீற்று.

"அக்கா வந்துச்சா?" என்றான் மச்சான், மெல்ல.

அந்தக் குப்பைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் சாவி இருக்கிறது. நாங்கள் கடைக்குப் போவோம் என்று அவளுக்குத் தெரியும். காலையில் போனில் நான்தான் சொன்னேன். வாடகைக் கார் வைத்து, யாருக்கும் சொல்லாமல் வந்து, நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கலவை இளசாக இருந்த நேரம் பார்த்து. கயிறு கட்டியிருந்தால் அந்தச் சீட்டைப் பார்த்துத் திரும்பியிருப்பாள். என் தொழிலோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்துகிறவளுக்கு இருபத்து நாலு மணி நேரம் என்கிற கணக்கு தெரியாது. வேலையைப் பற்றி வீட்டில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. இடது பக்கம் ட்ரே கலவையை விட்டு எழும்பி நின்றது என்றால், இடது காலில் அவள் கொஞ்சம்கூட பாரம் வைக்கவில்லை. ரெண்டு காலும் ஒண்ணுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டாக்டரிடம்கூட அப்படியே சொல்லியிருப்பாள். பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் இந்த ட்ரே.

"மாமா, இப்ப பொண்ணுகிட்ட சொல்லணுமா?"

"நீ வாயைத் திறந்தா தெரியும். ட்ரேயைத் தூக்கு."

தாள் விரித்திருந்ததால் சேதமில்லாமல் வந்தது. அடியில் கலவை கல்லாகியிருந்தது. வலது பக்கக் குவியல்கள் சப்பையாகக் கிடந்தன. இடது பக்கம் மூன்றும் நான் அமுக்கி விட்ட உயரத்திலேயே நின்றன. அதை உடைக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு உளியை எடுத்தேன்.

மாலை மகள் வீட்டுக்குப் போனேன். மகள் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. என் மனைவி ஜன்னல் ஓரத்தில் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். நான் மடித்ததை வாங்கிப் பிரித்து மறுபடி மடித்தாள். எனக்கு ரசமட்டம் என்று பேர் வைத்தவர்கள் இவளைப் பார்த்ததில்லை.

"நேத்து நம்ம வீட்டுக்கு வந்தியா?" என்றேன்.

"யாரு சொன்னா? காரோட்டியா?"

"ட்ரே சொல்லுச்சு."

கை நின்றது. "கெட்டுப்போச்சா?"

"அதுக்கு ஒண்ணும் ஆகல. எடுத்தாச்சு, மறுபடி வச்சிடலாம்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன். "கால்?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"எல்லாரும் சுத்தி நின்னு கை தட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை நானா நின்னு பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள். "ஏறிட்டேன். சுலபமாத்தான் ஏறினேன், நல்லா வச்சிருக்கீங்க. குழாயைப் பாத்து நின்னேன். இடது கால் கீழதான் இருக்கு, எனக்கே தெரியுது. ஆனா அதை நம்பி உடம்பைக் குடுக்க முடியல. குடுக்கலாம்னு நினைக்கறப்பவே அன்னைக்குக் கிடந்தது ஞாபகம் வந்துடுது. வலிகூட பெருசில்ல. கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், யாரும் வரல. அதான்."

நான் வராததைச் சொல்கிறாள். குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள். சமாளிக்க என்னிடம் சாக்குகள் நிறைய இருந்தன. நாலு மாதமாகச் சேர்த்து வைத்தவை. ஒன்றையும் எடுக்கவில்லை.

"தப்பு என் மேலதான்" என்றேன். "தொட்டியை எடுக்காதது ஒண்ணு. போனை எடுக்காதது ஒண்ணு."

"ரெண்டும்தான்" என்றாள்.

அவ்வளவுதான். நாலு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இறங்கவில்லை.

"அன்னைக்கு அந்தத் தாழ்ப்பாளாலதானே உன்கிட்ட வர முடியல" என்றேன். "அப்புறமும் அது எதுக்கு?"

"கதவைத் திறந்து வச்சு என்னைக் குளிப்பாட்டறாங்க. தாழ்ப்பாள் போட்டாத்தான் நான் குளிக்கற மாதிரி இருக்கும்." துண்டுகளை அடுக்கி ஓரம் சரிசெய்தாள். "காலைப் பத்தி அவகிட்ட சொல்லப் போறீங்களா?"

"நீதான் சொல்லணும். அவகிட்ட இல்ல, டாக்டர்கிட்ட. வேன் காத்திருக்கட்டும்."

முகம் சுருங்கியது. நான் எழுந்தேன்.

"கிளம்பு" என்றேன்.

"எங்க?"

"பாத்ரூமுக்கு. நீ நிக்கப்போற இடத்தை நீ வந்து காட்டு."

இருபத்தாறு வருஷத்தில் வேலை நடக்கிற அறைக்குள் வீட்டுக்காரரை நான் விட்டது அன்றுதான். மச்சான் அக்காவுக்கு நாற்காலி போட்டுவிட்டு, நான் ஏதோ குடித்துவிட்டு வந்திருக்கிறேனா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். கலவை இல்லாமல் வெறும் தரையில் ட்ரேயை வைத்து, நாலு பக்கமும் மரக்கட்டை கொடுத்து ஆடாமல் இறுக்கினேன். "ஏறு" என்றேன். கையைப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருக்க என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஏறி நின்றாள். வலது காலில்தான் நின்றாள். இப்போது எனக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. வலது பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பிக்காக நான் பென்சிலில் கோடு போட்டு வைத்திருந்தேன், எல்லா வீட்டிலும் போடுகிற உயரத்தில். அதைப் பிடிப்பதுபோல் கையை வைத்துப் பார்த்தாள். தோளுக்குக் கீழே எங்கேயோ போனது கை.

"இது யாருக்குப் போட்ட அளவு?"

"எல்லாருக்கும் போடற அளவு."

"நான் எல்லாருமா?" என்றாள். பிறகு இடது கையைத் தூக்கி இடது சுவரைத் தொட்டாள். "இங்க வைங்க. வலப்பக்கம் வச்சா இந்தக் கால் சோம்பேறியாவே இருந்துடும். இங்க பிடிச்சா உடம்பு இந்தப் பக்கம் வந்துதானே ஆகணும்."

"ரெண்டு பக்கமும் வச்சிடறேன். வலது பயத்துக்கு. இடது பழக்கத்துக்கு."

"அக்கா, நீ பேசற பேச்சுக்கு நம்ம தொழிலுக்கே வந்துடலாம்" என்றான் மச்சான். "மாமா திட்டறதை ஆளுக்குப் பாதியா வாங்கிக்கலாம்."

சிரித்தாள். காலையில் அவனைத் திட்டியது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. "நேத்து நீ மிதிக்கல மச்சான்" என்றேன். என்னிடமிருந்து வருகிற மன்னிப்பு அவ்வளவுதான் என்று அவனுக்குத் தெரியும். "தெரியும் மாமா. பெருக்காம விட்டதாலதான் நான் தப்பிச்சேன்" என்றான்.

அன்றே மறுபடி கலவை குழைத்தேன். ஒன்பது குவியல், தாள், ட்ரே, நாலு பக்கம் குமிழி. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்குத் தாள், எதற்குக் குவியல் என்று கேட்டாள், நான் சொன்னேன். போன் பைக்குள் இல்லை, ஜன்னல் விளிம்பில் இருந்தது. நடுவில் அது ஒரு தடவை அடித்தது. எடுத்துப் பார்த்தேன், மகள். "அம்மா இங்கதான் இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். குமிழி ஓடிப்போய்விடவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்தது.

முடித்து, வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டிச் சீட்டைத் தொங்கவிட்டேன்.

"இது யாருக்கு?" என்றாள்.

"இந்த வீட்ல ஒரு திருட்டுக் கால் இருக்கு."

அடுத்த வாரம் டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, இரண்டு கைப்பிடிக் கம்பி. புதன்கிழமை டாக்டரிடம் போனாள். இடது காலைப் பழக்க இன்னும் இரண்டு மாதமாவது பயிற்சி வேண்டும் என்றார். வேன் முதலாளிக்கு அவளே போன் செய்து சொன்னாள். சொல்லிவிட்டு அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. இதற்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த ஆள் நான் இல்லை.

கடைசியாகக் கதவு. புதுத் தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தினேன். உள்ளிருந்து போடலாம். வெளிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம், அதில் திருப்புளியை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். மகள் வீட்டிலிருந்து அவளை வரவழைத்து அதைக் காட்டினேன். மறைத்து வைத்து அவளை ஏமாற்ற எனக்கு இஷ்டமில்லை. பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"திருப்புளி யார்கிட்ட இருக்கும்?"

"என் பையில. இருபத்தாறு வருஷமா அங்கதான் இருக்கு."

"சும்மா சும்மா திருப்பக் கூடாது."

"மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் அவளைக் கொண்டுவந்து விட்டாள். தாழ்ப்பாளைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. திருப்பிக் காட்டினேன். மூன்று தடவை தானே திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா நான் இங்கயே வாசல்ல நிப்பேன்."

"யாரும் நிக்கக் கூடாது" என்றாள் என் மனைவி. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கோலை ஊன்றி, இரண்டு பேரையும் பார்த்தாள். வேனில் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை. "சமையக்கட்டுக்குப் போங்க. ரெண்டு பேரும்."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. புதுசு என்பதால் சத்தம் பலமாகவே கேட்டது.

மகள் சமையலறைக்குப் போனாள். நானும் போவதுபோல நாலு அடி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்து சுவரோரம் நின்றேன். உள்ளே கோலைச் சாய்க்கிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர். ட்ரேயில் விழுகிற சத்தம் கெட்டியாக, ஒரே சீராக இருந்தது. அடியில் எங்கும் வெற்றிடமில்லை. சட்டைப்பையில் திருப்புளியை இறுகப் பிடித்திருந்தேன்.

திடீரென்று தண்ணீர் நின்றது.

நிற்கக் கூடாத நேரத்தில் நின்றது. குளித்து முடிக்க அவ்வளவு நேரம் போதாது. கீழே விழுந்த சத்தம் இல்லை, கம்பியைப் பிடித்த சத்தம் இல்லை. திருப்புளியை வெளியே எடுத்துவிட்டேன். அதன் முனை அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றது. சும்மா சும்மா திருப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

"என்னங்க."

உள்ளிருந்து வந்த குரல் பெரிதாக இல்லை. சமையலறையில் இருக்கிறவனுக்குக் கேட்கிற குரலே இல்லை.

"அங்க இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

"சரி" என்றாள். தண்ணீர் மறுபடி விழ ஆரம்பித்தது.